சொற்களுக்கென்று ஒரு கொப்பி

நாட்குறிப்புக்கு ஒன்று, கதைக்கு ஒன்று, கேட்ட சொற்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் கொப்பிகள் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் நானும் அப்படித்தான். கதைக்கு 160 பக்க சீஆர் கொப்பி. மட்டை தடிப்பு, மடியில் வைத்தே எழுதலாம். ஆனால் எனக்கு உயிர் சொற்கொப்பிதான். காலபோகம் (மாரி வேளாண்மை), சிறுபோகம் (கோடை வேளாண்மை), வான் பாய்தல் (குளம் நிரம்பி வழிவது), சூடடிப்பு (கதிரடிப்பு) என்று வயற்காரர் வாயிலிருந்து வந்தவை அதில் இருக்கின்றன. சூட்டுக்களத்தில் அம்மம்மா நெல் என்று சொல்லவே மாட்டார், ‘பொலி’ என்பார். அந்த ஒரு சொல்லிலிருந்து முழுக்கதை எழுதினேன். 2009 இடப்பெயர்வில் பழைய கொப்பிகள் எல்லாம் வழியில் போய்விட்டன. கதைகளை ஓரளவு திரும்ப எழுதிவிட்டேன். சொற்களை இன்னும் வயதானவர்களிடம் கேட்டுக்கேட்டுச் சேர்க்கிறேன். சரி, உங்கள் சொற்கொப்பியில் ஒரு பக்கத்தையாவது படமெடுத்துப் போடுங்களேன், பார்க்க ஆசையாக இருக்கிறது.