வெலிங்டன் இருந்த ஊர் என்று எழுதமுன்

திருகோணமலை பற்றி முகநூலில் சுற்றுகிற வரலாற்றுப் பதிவுகளைப் பாருங்கள். திரும்பத் திரும்ப மூன்று பேர்தான் வருவார்கள். கோட்டைக்குள் தங்கிய வெலிங்டன் பிரபு, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையிலிருந்து கடலில் குதித்த ஒல்லாந்தப் பெண் பிரான்சினா, இங்கே புதைக்கப்பட்ட ஜேன் ஆஸ்டினின் தம்பி. ஒருவர் எழுதியதை அடுத்தவர் வெட்டி ஒட்டுகிறார், பிழையும் கூடவே போகிறது.

1800 டிசம்பரில் இங்கே வந்து இறங்கியது கேணல் ஆர்தர் வெல்ஸ்லி. வெலிங்டன் டியூக் என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 1814இல். 1801 பெப்ரவரியில் படையோடு பம்பாய்க்குப் போய்விட்டார். "திருகோணமலையில் நோய்ப்பட்டதால் கப்பலைத் தவறவிட்டார், அந்தக் கப்பல் மூழ்கியது, எங்கள் ஊர்தான் அவர் உயிரைக் காத்தது" என்று எழுதுகிறார்கள். அவர் நோயில் படுத்தது பம்பாயில். அங்கிருந்து அவர் இல்லாமல் புறப்பட்ட சுசானா என்ற கப்பல்தான் செங்கடலில் அழிந்தது. ஊருக்குப் பெருமை சேர்க்கப் போய் ஊரையே மாற்றிவிட்டோம்.

பிரான்சினா கதை இன்னும் மோசம். சுவாமிமலையில் அவள் பெயரோடு நிற்கும் தூணில் பொறித்த நாள் 1687 ஏப்ரல் 24. அவள் அன்று குதித்துச் செத்தாள் என்பது வழிகாட்டிகளின் கதை. உண்மையில் பிரான்சினா வான் ரீட், மலபார் மூலிகைகளைப் பற்றிப் பெருந்தொகுதிகள் வெளியிட்ட ஹென்ட்ரிக் வான் ரீடின் வளர்ப்பு மகள். 1691இல் அவர் சூரத்துக்குப் போகும் வழியில் கடலில் இறந்தபோதும் அவள் உயிரோடுதான் இருந்தாள்.

மூன்றாமவர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஆஸ்டின். அவர் இங்கே இறக்கவில்லை. இரண்டாம் பர்மியப் போரில், 1852 அக்டோபர் 7ஆம் திகதி, ஐராவதி ஆற்றில் கப்பலில் வாந்திபேதியால் இறந்தார். உடல்தான் இங்கே வந்தது.

ஒரு பகுதியின் புகழ்பெற்றவர்களைப் பட்டியலிடுகிறவர் ஒவ்வொரு பெயருக்கும் முதலில் கேட்க வேண்டியது: இங்கே பிறந்தாரா, குடியிருந்தாரா, வேலை பார்த்தாரா, வந்து போனாரா, புதைக்கப்பட்டாரா? ஐந்தும் ஐந்து வேறு சங்கதி. ஆஸ்டினைக் குடியிருந்தவர் வரிசையில் வைக்க முடியாது. அதே செயின்ட் ஸ்டீபன் மயானத்தில் கிடக்கும் பேர்சி மோல்ஸ்வேர்த்தை வைக்கலாம். கொழும்பில் 1867இல் பிறந்த அந்த இராணுவப் பொறியியலாளர், திருகோணமலையில் 12½ அங்குலத் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு இரவிரவாக வியாழனையும் செவ்வாயையும் வரைந்தவர். வியாழனின் மேகப் பட்டையில் தோன்றிய, தென் வெப்பவலயக் குழப்பம் எனப்படும் மாற்றத்தை 1901 பெப்ரவரி 28இல் முதலில் கண்டவர். 1908இல் இங்கேயே இறந்தார். செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

அதைவிடக் கோபம் வருவது எங்கட ஆட்களின் விடயத்தில். 1895இல் மோகனாங்கி என்ற நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். அவர் அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளை தமிழ்ப் பதிப்புத்துறையில் பெயர் பெற்றவர். இருவரும் சென்னையில் வேலை பார்த்ததால் இங்கே மறந்துவிட்டார்கள். இந்துக் கல்லூரியை 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றபின் அங்கே உழைத்த விபுலானந்த அடிகளையாவது நினைக்கிறோம். 1923இல் பெண்களுக்கென்று சண்முக வித்தியாலயத்தைத் தொடங்கிய தங்கம்மா சண்முகம்பிள்ளை பற்றி எத்தனை பதிவு வந்திருக்கிறது? இரண்டு மாதம் தங்கிய கேணலுக்கு இருக்கிற இடம் இவர்களுக்கு இல்லை.

சரி, குறை சொன்னால் போதாது. எப்படித் தேடுவது?

நல்ல சாட்சி வீட்டு அலுமாரியில் இருக்கிறது: காணி உறுதி, அதாவது காணியின் உரிமைப் பத்திரம். கடைசி உறுதியை மட்டும் பார்க்காமல், அதற்கு மூலமான பழைய தாய் உறுதி வரை பின்னோக்கிப் போங்கள். உறுதியில் காணியை விவரிக்கும் அட்டவணையில் நான்கு எல்லையும் எழுதியிருக்கும்: "வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே ஒழுங்கை". ஒரு வீட்டின் உறுதியில் அயலார் மூன்று நான்கு பேர் கிடைப்பார்கள். பக்கத்து வீட்டு உறுதிகளும் கிடைத்தால் தெருவையே ஒரு படமாக வரைந்துவிடலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. நொத்தாரிசு (உறுதி எழுதும் சட்டத்தரணி) புது உறுதி எழுதும்போது எல்லைகளைப் பழைய உறுதியிலிருந்து அப்படியே பெயர்த்து எழுதுவது வழக்கம். 1950இல் எழுதிய உறுதியில் எல்லைக்காரராக நிற்பவர் 1910இலேயே செத்துப் போயிருக்கலாம். ஆகவே ஒரு பெயர் முதலில் எந்த உறுதியில் வருகிறது என்று பார்த்து அந்தத் திகதியை எடுங்கள். கடைசியாக வரும் திகதி ஒன்றையும் நிரூபிக்காது.

இரண்டாவது சிக்கல் சீதனம். வீடு மகளுக்குப் போகும், உறுதியில் மருமகனின் பெயர் ஏறும், அடுத்த தலைமுறையில் முதலெழுத்தே மாறிவிடும். தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் "அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது" என்று தவறாக முடிவு கட்டுவீர்கள். அதே குடும்பம் அதே வளவில்தான் இருக்கும்.

உறுதி சொந்தக்காரரைச் சொல்லும், குடியிருந்தவரைச் சொல்லாது. அதற்கு வாக்காளர் இடாப்பு (பெயர்ப் பதிவேடு) வேண்டும். சர்வசன வாக்குரிமை 1931இல்தான் வந்தது, அதற்கு முந்திய இடாப்புகளில் சாதாரண சனம் இருக்காது. அந்தக் காலத்துக்குத் தேவாலய ஞானஸ்நானப் பதிவு, பாடசாலைச் சேர்வு இடாப்பு, கோயில் உபயகாரர் பட்டியல் என்று போக வேண்டும். பழைய வீட்டு இலக்கத்தை இன்றைய சோலைவரி (வீட்டுவரி) இலக்கத்தோடு அப்படியே பொருத்தாதீர்கள், இடையில் இலக்கம் மாற்றியிருப்பார்கள். பரப்பளவைப் பொருத்திப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி, 40 பேர்ச்சஸ் ஒரு றூட், நான்கு றூட் ஒரு ஏக்கர். அளவு ஒத்துவந்தால் வளவு அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரித்து விற்றிருந்தால் துண்டுகளைக் கூட்டிப் பாருங்கள்.

கல்லறை எழுத்தை வாசிக்கக் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்துக்கோ போங்கள். சாய்ந்த வெயிலில் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து தெரியும். நடுப்பகலில் போனால் கல்லைத்தான் படம் எடுத்துக்கொண்டு வருவீர்கள். வெயில் இல்லாவிட்டால் பக்கத்திலிருந்து டோர்ச் அடிக்கலாம். மென்மையான தூரிகையும் வெறும் தண்ணீரும் போதும். கம்பித் தூரிகை, அசிட், குளோரின், சோக்குப் பொடி எதுவும் வேண்டாம். உப்புக்காற்றில் ஏற்கெனவே பொரிந்துபோன மேல்தோல் அதோடு கழன்று விழும். 1ஐயும் 7ஐயும், 3, 5, 8 மூன்றையும் மாறி வாசிப்பது சாதாரணம். ஈய எழுத்து உதிர்ந்த கல்லில் துளைகளின் வரிசையை வைத்து எழுத்தை ஊகிக்கலாம், ஆனால் ஊகித்ததை அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

வயதானவர்களிடம் "எந்த வருசம்?" என்று கேட்டால் வாயில் வந்த வருசத்தைச் சொல்வார்கள். சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். யப்பான்காரன் குண்டு போட்டதற்கு (1942 ஏப்ரல் 9) முன்னா பின்னா? வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்ததற்கு (1957 அக்டோபர்)? கோணேசர் கும்பாபிஷேகத்துக்கு (1963)? புயலுக்கு (1964 டிசம்பர்)? இப்படிக் கேட்டால் காலத்தை நன்றாகக் குறுக்கிவிடலாம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் கோட்டையைச் சொல்லமாட்டேன், பாலையூற்றைச் சொல்வேன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் அங்கே இருக்கிறார்கள். போர்த்துக்கேயத்திலிருந்து பிறந்த அவர்களின் கிரியோல் என்ற கலப்பு மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதியவர்கள்தான். தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். விசிறிச் சத்தம்தான் இப்படியான பதிவுகளைக் கெடுப்பது. தொடக்கத்திலேயே திகதி, இடம், பேசுகிறவர் சம்மதித்தார் என்பதை அவர் குரலிலேயே பதியுங்கள். பெயர்களை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.