பிழை வந்தாலும் எக்ஸிட் கோடு 0

ஏஐ உதவியாளரிடம் சின்னதாக ஒரு கமாண்ட் லைன் டூல் கேட்டால் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிடும். வம்பே அதை பைப்பில் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு உள்ளீடாகக் கொடுப்பது) போடும்போதுதான். "ஃபைலைப் படிக்கிறேன்..." என்ற அறிவிப்பும் டிக் எமோஜியும் ஜேசான் (JSON, தரவை எழுதும் ஒரு வடிவம்) வெளியீட்டோடு சேர்ந்து எஸ்டிடிஅவுட் (stdout) என்ற வழக்கமான வெளியீட்டு வழியிலேயே போகும், அடுத்திருக்கும், ஜேசானைப் படிக்கும் ஜேக்யூ (jq) டூல் முதல் வரியிலேயே பார்ஸ் எரர் என்று படுத்துவிடும். அரட்டையெல்லாம் எஸ்டிடிஎர் (stderr) என்ற தனி வழிக்குத்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

அதைவிடக் கொடுமை, மெயின் ஃபங்ஷன் முழுவதையும் பிழையைப் பிடிக்கும் ஒரே டிரை-எக்செப்ட்டில் சுருட்டி, பிழையை அழகாகப் பிரிண்ட் செய்துவிட்டு 0 என்ற எக்ஸிட் கோடுடன் (முடியும்போது டூல் தரும் எண்; 0 என்றால் வெற்றி) வெளியேறுவது. உள்ளீட்டு ஃபைலே இல்லை, ஆனால் && போட்டு (முந்தையது வெற்றியானால் மட்டும் ஓடு என்று) எழுதிய அடுத்த கட்டளை ஜோராக ஓடும். அது பழைய பேக்கப்பை அழிக்கும் கட்டளையாக இருந்தால் தொலைந்தது! பிழை என்றால் 1, தப்பான ஆப்ஷன் என்றால் 2 (பைத்தானில் ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் தானாகவே 2 தான் தருகிறது) என்று ப்ராம்ப்ட்டிலேயே எழுதிவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அப்போதும் நம்பிவிடாமல், இல்லாத ஃபைல் பெயரைக் கொடுத்து ஓட்டி, $? (கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடு) என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

யாரும் கேட்காத கலரும் ப்ரோக்ரஸ் பாரும் மட்டும் முதல் வெர்ஷனிலேயே டாணென்று வந்து உட்கார்ந்திருக்கும்.