புத்தகம் அடுக்குகிறவர்களுக்கு எதற்குப் பேராசிரியர் பட்டம்?

நேற்றைய கருத்தரங்கின் நேரலையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "தேடுபொறி வந்துவிட்ட காலத்தில், புத்தகம் அடுக்குகிறவர்களுக்குப் பேராசிரியர் பட்டம் எதற்கு?" என்று சிறப்பு விருந்தினர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. அங்கே எனக்கு வாய் எழவில்லை, இங்கே சொல்கிறேன். நூலக, தகவல் அறிவியல் அடுக்கும் வேலை அல்ல, அது ஆராய்ச்சி.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டன் சென்று படித்துவிட்டு வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அங்கே ஒரு கடையில், துளையிட்ட இரும்புப் பட்டைகளையும் திருகாணிகளையும் இணைத்து விதவிதமான பொம்மைகள் செய்துகாட்டும் மெக்கானோவைக் கண்டார். அறிவையும் முன்கூட்டியே அறைகளில் அடைக்காமல், கூறுகளாகப் பகுத்து, வேண்டியபோது வேண்டியபடி இணைக்கலாம் என்பது அவருக்கு அங்கே பிடிபட்டது. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த இந்த எண்ணத்தில் அவர் உருவாக்கிய கோலன் பகுப்புமுறை 1933இல் வெளிவந்தது. பனாரஸிலும் டெல்லியிலும் கற்பித்து, 1962இல் பெங்களூரில் ஆவணமாக்கல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவிய அவரை, 1965இல் இந்திய அரசு தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியராக நியமித்தது.

தேடுபொறி போதாதா என்பவர்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். என் மாணவி ஒருத்தி முருங்கை பற்றித் தேடி, சமையல் குறிப்புகளிலேயே இரண்டு நாள்களைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாள். ஒரு தாளை எடுத்து, எந்தப் பயிர், அதில் எந்தப் பகுதி, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முருங்கை, இலை, நிழலில் உலர்த்துதல், அரவக்குறிச்சி, கடந்த பத்தாண்டுகள் என்று அவளே எழுதினாள். அன்று மாலைக்குள் அவளுக்குத் தேவையான கட்டுரைகள் கிடைத்தன. அந்தத் தாளில் இருந்தது ரங்கநாதனின் கூறுப் பகுப்பு. இணையக் கடையில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டிப் புடவை தேடுகிறவர் கையாள்வதும் அதே சிந்தனைதான்.

பதவி உயர்வுக்காகவே கட்டுரை எழுதுகிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். அவர்கள் எந்தத் துறையில்தான் இல்லை? அதற்காக வேறு எந்தத் துறையையாவது மேடையேறி வேண்டாம் என்று சொல்வீர்களா? நான் முன்பு பணியாற்றிய கல்லூரியில் நூலகர் ஓய்வு பெற்றதும், அந்தப் பொறுப்பை ஆங்கிலத் துறையில் ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டால் போதும் என்றார்கள். இருபது ஆண்டுகளாக உறவினர் வீட்டுத் திருமணங்களிலும் இதே பேச்சைக் கேட்டுவிட்டேன். அவர்களுக்குத் தெரியாது என்று பொறுத்துக்கொண்டேன். கல்வியாளர் ஒருவரே சொல்லும்போது பொறுக்க முடியவில்லை.

நேற்று என் மாணவிகள் நான்கு பேர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்கள். அரங்கம் சிரித்தபோது, முருங்கை பற்றித் தேடிய அந்தப் பெண், மேடையில் வாசிப்பதற்காக மடியில் வைத்திருந்த கட்டுரையை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டாள்.