'தி விக்கர் மேன்' உண்மைக் கதையா?

1973-இல் வந்த இந்தப் பிரிட்டிஷ் திகில் படம், ஸ்காட்லாந்துத் தீவொன்றில் நிஜமாகவே நடந்த நரபலியைக் காட்டுகிறது என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இல்லவே இல்லை.

குழப்பத்துக்கு இடம் கொடுப்பது படத்தின் தொடக்கத்தில் வரும் நன்றி வாசகம். சம்மரைல் பிரபுவுக்கும் தீவு மக்களுக்கும் நன்றியாம்! அந்தப் பிரபு கிறிஸ்டோபர் லீ நடித்த கற்பனைப் பாத்திரம். சம்மர் ஐல்ஸ் என்று நிஜத் தீவுகள் உண்டு, சரி. ஆனால் படப்பிடிப்பு அங்கே நடக்கவில்லை. கதைக்கு விதை, டேவிட் பின்னரின் 1967 நாவல். படத்தில் வருவதுபோல் பிரம்பு உருவத்துக்குள் மனிதர்களை எரிப்பது ஜூலியஸ் சீசரின் குறிப்பில் வருவது. அதுவும் படையெடுத்துப் போனவர் எதிரிகளைப் பற்றி எழுதியது, அப்படியே நம்பிவிட முடியாது.

அப்புறம், படத்தில் தெரியும் அந்த மே மாத வசந்தம்? அதுவும் ஜோடனைதான். படமெடுத்தது 1972 இலையுதிர்காலக் குளிரில். மரங்களில் செயற்கைப் பூக்களை ஒட்டிவைத்தார்கள்.