கடல் எத்தனை மணிக்கு ஏறும் என்று ஒரு வரி எழுத முடியாதா?

"நிதானமான குடும்ப விடுமுறை, அகன்ற மணல், சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற கரை." வட பிரான்சுக் கடற்கரைகளுக்கு இந்த வருடமும் அதே விளம்பரம், அதே படம். கடல் எப்போது ஏறும் என்று மட்டும் ஒரு வரி இல்லை. வயிறு எரிகிறது!

புலோன் நகருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான விமெரூவில், கடல் மிக உயர ஏறும் நாளில் என்ன நடக்கிறது? விடியவே பரிசிலிருந்து வெளிக்கிட்ட குடும்பம் பத்தரைக்கு வந்து இறங்கும். மணல் விரிந்து கிடக்கும். காற்றுத் தடுப்புத் துணிக்குக் கம்பு அடித்து, பாய் விரித்து, புளிச்சாதப் பெட்டியை நிழலில் வைத்து முடிக்கவே பதினொன்றேகால். கொஞ்ச நேரத்தில் பாயின் ஓரம் ஈரம். கம்பைப் பிடுங்கிப் பத்து மீட்டர் பின்னால் அடிப்பார்கள். பிள்ளைகள் கட்டிய கோட்டை போய்விடும், அழுகை. மறுபடி பிடுங்கு, மறுபடி அடி. மூன்றாவது தடவை அடிக்க மணலே இல்லை, பின்னால் கொங்கிரீட் சுவர்! சாதப் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியதுதான்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அன்றன்று கடல் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் காட்டும் எண்ணைக் கோஎஃபிசியன்ட் என்பார்கள். புலோன் பக்கம் அது பெரிதாக இருக்கும் நாட்களில், கோடையில், உச்ச நீர் வருவதே மதியம் ஒரு மணி, ஒன்றரை வாக்கில். சரியாகச் சாப்பாட்டு நேரம்! கோஎஃபிசியன்ட் 95 என்றால் நீர்மட்டம் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறும். அதில் பாதி, ஏறும் நேரத்தின் நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்துக்குள். ஐம்பதுக்கு ஒன்று சரிவுள்ள மணலில் 4 மீட்டர் ஏறினால் 200 மீட்டர் கரை போய்விடும். 45 அளவில் இருக்கும் நாளைத் தேர்ந்தால் இந்த ஓட்டமே குறைவு. நாள் குறிக்கும்போது விடுதி விலையைப் பார்க்கும் சனத்துக்கு இந்த எண்ணையும் பார்க்கச் சொல்ல ஏன் ஒருவருக்கும் வாய் வரவில்லை?

கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை பார்த்தவர்களும் தப்புவதில்லை. சிலவற்றில் கோடை நேரம் சேர்த்திருக்காது, ஒரு மணி கூட்ட வேண்டும். அதைச் சின்ன எழுத்தில் கடைசி மூலையில் போடுவார்கள். பன்னிரண்டரைக்குக் கடல் திரும்பிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களை நோக்கி அது இன்னும் ஒரு மணி நேரம் ஏறும்.

பாய் நனைவது போகட்டும். கடல் வற்றிக் கிடக்கும்போது தூரத்து மணல் திட்டில் பிள்ளைகளை விளையாட விடுகிறார்களே, அங்கேதான் உயிர் ஆபத்து. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளங்கள் இருக்கும், பாஷ் என்பார்கள். ஏறும் நீர் முதலில் அவற்றைத்தான் நிரப்பும். முன்னால் கடல் தூரத்தில் தெரியும், பின்னால் வழி அடைபட்டிருக்கும். சோம் விரிகுடாவில் வழிகாட்டி இல்லாமல் உள்ளே நடக்கவே கூடாது. கடல் மீட்புக்கு 196. இந்த மூன்று இலக்கம் அந்தப் பளபளப்பான தாளில் எங்கே?

இன்னொன்று, இந்த ஊர் உணவகங்கள்! கடல் துரத்தி, துணி மாற்றி, பசியில் சிணுங்கும் பிள்ளைகளோடு இரண்டேகாலுக்குப் போய் நின்றால் அடுப்பு அணைத்தாயிற்று, இனி இரவு ஏழு மணிக்குத்தானாம். ஓகஸ்ட் மாதம், கடலோர ஊர், வாசலில் சனம் நிற்கிறது. ஒரு தட்டு உருளைக்கிழங்காவது பொரித்துத் தந்தால் என்ன!