சீனியர் புஷ் பள்ளியைப் பாதியில் விட்டாரா?

"பதினாறு வயதில் பள்ளியை விட்டு ஓடி, வயதைக் கூட்டிச் சொல்லிப் போர் விமானி ஆனவர் சீனியர் புஷ்" என்றொரு ஃபார்வேர்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

சீனியர் புஷ், அதாவது முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ், பிறந்தது 1924 ஜூன் 12. மாசசூசெட்ஸின் ஆண்டோவரில் இருக்கும் பிலிப்ஸ் அகாடமியில் (அப்போது ஆண்கள் மட்டும் படித்த பள்ளி) 1942-ல் படிப்பை முடித்தார். பட்டமளிப்பு விழாவில் பேசிய போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன், மாணவர்களை அவசரப்படாமல் மேலே படிக்கத்தான் சொன்னார். பையன் கேட்கவில்லை! சரியாகப் பதினெட்டாவது பிறந்தநாளில் கடற்படையில் பெயர் கொடுத்தார்.

"கட்டாயத்தில் போனார்" என்பதும் சரியல்ல. கட்டாய ஆள்சேர்ப்பு வயது 20-லிருந்து 18 ஆனது அந்த நவம்பரில்தான். விமானி ஆனது 1943 ஜூனில்.

புஷ் நூலகம், அமெரிக்கக் கடற்படை வரலாற்றுத் துறை ஆகியவற்றின் இணையதளங்களில் சரிபார்க்கலாம். அந்த ஃபார்வேர்டு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.