சிரித்துவிட்டுக் கடந்துபோகிற கவிதையா இது?

நைஜீரியக் கவிஞர் வோலே சோயிங்காவின் 'தொலைபேசி உரையாடல்' கவிதையை யாராவது நகைச்சுவைக் கவிதை என்று அறிமுகப்படுத்தினால் எனக்குக் கோபம் வருகிறது. நம் கல்லூரிகளின் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் அது பல வருடங்களாகப் பாடமாக இருக்கிறது. விவரம் தெரியாத வீட்டுக்காரம்மாவை, வாடகைக்கு இடம் கேட்டுத் தொலைபேசும் ஒரு கெட்டிக்கார ஆப்பிரிக்க இளைஞன் வாயடைக்கிறான், வகுப்பே சிரிக்கிறது, பாடம் முடிந்துவிடுகிறது. கவிதை முடியும்போதும் அந்த இளைஞனுக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

சோயிங்கா 1954இல் நைஜீரியாவிலிருந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். பிறகு லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கில் வேலை பார்த்துவிட்டு 1960 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அந்த வருடங்களில் இங்கிலாந்தில் 'கறுப்பர்களுக்கு இல்லை' என்று ஜன்னலில் எழுதி வைத்துவிட்டே அறையை வாடகைக்கு விடலாம், சட்டம் எதுவும் தடுக்காது. 1958இல் லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியன் மக்களின் வீடுகளைத் தேடிப் போய்த் தாக்கின. இனப் பாகுபாட்டுக்கு எதிராக 1965இல் வந்த முதல் சட்டம்கூட வீட்டு வாடகையைத் தொடவில்லை. அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கவிதையில் வருகிற அந்த அம்மாவை ஏதோ ஒரு விசித்திரப் பிறவியாக நினைத்துவிடக் கூடாது. அவர் பேசியது அந்த நாட்டில் நடைமுறை.

கவிதைக்குள் போவோம். வாடகை கட்டுப்படியாகிறது, இடமும் பரவாயில்லை. தான் அந்த வீட்டில் குடியிருப்பதில்லை என்று வீட்டுக்காரம்மா அடித்துச் சொல்கிறார். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அவர் அங்கே இல்லை. மாடிப்படியில்கூட இவன் முகத்தில் விழிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் அவன் முந்திக்கொண்டு 'நான் ஆப்பிரிக்கன்' என்று சொல்லிவிடுகிறான், செய்த குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனைப் போல. வீணாக அலைய வேண்டாமே என்றுதான். எத்தனை வாசலில் இருந்து திருப்பி அனுப்பியிருந்தால் ஒருவனுக்கு இப்படி முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் வந்திருக்கும்!

அப்புறம் மௌனம். மௌனத்துக்குப் பின் அந்தக் கேள்வி: எவ்வளவு கறுப்பு? வெளிர் நிறமா, ரொம்பக் கறுப்பா? அவர் கத்தவில்லை, ஒரு வசைச்சொல்கூட வரவில்லை. நன்றாக வளர்க்கப்பட்ட, பணக்கார, மரியாதையான குரல். கேட்டது நிஜம்தானா என்று அவன் சுற்றிலும் பார்க்கிறான். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, சிவப்புத் தபால் பெட்டி, தாரை நசுக்கிக்கொண்டு போகிற சிவப்பு மாடிப் பேருந்து. எல்லாம் இருக்கின்றன, நிஜம்தான். கண்ணுக்கு முன்னால் காசுத் தொலைபேசியின் ஏ, பி பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் பேச்சு தொடங்கும், மற்றதை அழுத்தினால் போட்ட காசு திரும்பும். இவனையும் அப்படி இரண்டில் ஒரு பொத்தானாகத் தேர்ந்தெடுக்கத்தானே அந்த அம்மா கேட்கிறார்?

அவன் பதில் சொல்கிறான். முழுமையாகச் சொல்கிறான். பாஸ்போர்ட்டில் மேற்கு ஆப்பிரிக்க சீபியா, அதாவது செம்பழுப்பு. முகம் மாநிறம். உள்ளங்கையும் பாதமும் சாயம் வெளுத்த பொன்னிறம். உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்ததில் பின்புறம் மட்டும் அண்டங்காக்கைக் கறுப்பு. போனை வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும், நீங்களே நேரில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கெஞ்சுகிறான். வகுப்பு சிரிக்கிற இடம் இதுதான். எனக்கோ இந்த இடத்தில் தொண்டை அடைக்கிறது. நிறத்தை அளந்து ஒரு மனிதனை முடிவு செய்துவிடலாம் என்று அந்த அம்மா நம்புகிறார். சரி, அளந்தே பார்ப்போம் என்று தன் உடம்பையே அங்குலம் அங்குலமாக அவர் முன் வைக்கிறான். ஒரே உடம்பில் இத்தனை நிறம் இருக்கிறதே, எந்த நிறத்துக்கு அறை கொடுப்பீர்கள்?

எதிராளியின் கேள்வியை மாற்றாமல் கையில் எடுத்து, அது போகிற பாதையிலேயே கடைசிவரை நடத்திக்கொண்டு போவதுதான் இந்த அங்கதத்தின் பலம் என்று நினைக்கிறேன். கோபத்தை நேராகச் சொல்கிற கவிதையை 'இவர் மிகைப்படுத்துகிறார்' என்று ஒதுக்கிவிடலாம். தன் சொல்லே தன்னிடம் திரும்பி வரும்போது எதைச் சொல்லி ஒதுக்குவது?

அந்த அம்மாவைப் பார்த்து நாம் மட்டும் நிம்மதியாகச் சிரிக்கவும் முடியாது. 2016இல் பெங்களூருவில் தான்சானிய மாணவி ஒருவர் தாக்கப்பட்டார். 2017இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்கள் அடிக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்க மாணவர்கள் என்றாலே வீடு இல்லை என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் நம் நகரங்களிலும் இருக்கிறார்கள்.

உகாண்டாவின் ஓகோட் பிபிடெக் 1966இல் வெளியிட்ட 'லவீனோவின் பாட்டு' இந்த அங்கதத்தை உள்பக்கம் திருப்புகிறது. வெள்ளைக்காரன் போனபிறகும் அவன் பார்வை ஆப்பிரிக்கனின் கண்ணிலேயே தங்கிவிட்டது என்பதுதான் அதன் வலி. படித்த கணவன் ஓச்சோலுக்கு மனைவி லவீனோ காட்டுமிராண்டியாகத் தெரிகிறாள். வெள்ளைக்காரிபோல ஆகப் பார்க்கும் க்ளெமென்டைன் அழகியாகத் தெரிகிறாள். லவீனோ திருப்பிக் கொடுக்கிறாள்: பவுடர் பூசிய முகம் நள்ளிரவு ஆட்டத்துக்குக் கிளம்பும் சூனியக்காரனைப் போல, சிவந்த உதடு ரத்தத்தில் வாய் வைத்த காட்டுப்பூனையைப் போல. மகத்தான கவிதை. ஆனாலும் இவ்வளவு கேலியும் இன்னொரு பெண்ணின் உடம்பின்மேல் வந்து இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வெறுப்பைக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு இதில் விழுந்த அடி குறைவு.

தென்னாப்பிரிக்காவில் 'எவ்வளவு கறுப்பு' என்று கேட்டது அரசாங்கமே. 1950இன் மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் இனமாகப் பதிவு செய்தது. சந்தேகம் வந்தால் முடிக்குள் பென்சிலைச் செருகி, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தார்கள். ஒரே குடும்பத்து ஆட்கள் வெவ்வேறு இனமாகப் பிரிக்கப்பட்டார்கள். இதை எதிர்த்தவர்கள் காவலில் செத்தபோது போலீஸ் சொன்ன காரணங்கள்: சோப்பில் வழுக்கினார், படியில் உருண்டார், தூக்கு மாட்டிக்கொண்டார், ஜன்னல் வழியாகக் குதித்தார்.

அந்த நாட்டுக் கவிஞர் க்ரிஸ் வான் வைக்கின் 'காவலில்' கவிதை 1979இல் வந்தது. மிகச் சிறியது. அதில் கவிஞருடைய சொல் என்று எதுவுமே இல்லை. ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தார், தூக்கு மாட்டிக்கொண்டார், கழுவும்போது சோப்பில் வழுக்கினார் என்ற மூன்று போலீஸ் வாக்கியங்கள் மட்டும். அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சொல்லச் சொல்ல அவை ஒன்றோடொன்று கலக்கின்றன. சோப்பிலிருந்து விழுகிறார், ஒன்பதாவது மாடியிலிருந்து தொங்குகிறார். கடைசி வரியில் ஒரு மனிதர் கழுவிக்கொண்டிருக்கும்போது சோப்பில் தொங்குகிறார். பொய்யைப் பொய் என்று எங்கேயும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லாமல் செய்துவிட்டார்.

இந்தக் கவிதைக்குப் பின்னால் அகமது டிமோல் இருக்கிறார். 29 வயது பள்ளி ஆசிரியர். 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கின் ஜான் வோர்ஸ்டர் சதுக்கக் காவல் தலைமையகத்தில், பத்தாவது மாடியிலிருந்து அவரே குதித்தார் என்றது போலீஸ். 1972 விசாரணையும் தற்கொலை என்றே முடித்தது. குடும்பம் விடவில்லை. 2017இல் உயர் நீதிமன்றம் அது கொலை என்று சொன்னது. வான் வைக் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2014இலேயே இறந்துவிட்டார். கொலை வழக்கில் சேர்க்கப்பட்ட முன்னாள் போலீஸ்காரரும் விசாரணை நடக்காமலே 2021இல் இறந்துபோனார்.

ஆங்கில இலக்கியம் நடத்துகிற நண்பர்களிடம் கேட்கிறேன்: சோயிங்காவை நடத்தும்போது 1965, 1968 சட்டங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் வான் வைக்கை வாசியுங்கள், டிமோல் யாரென்று மாணவர்களுக்குத் தெரியட்டும். இந்திரனின் 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்' மொழிபெயர்ப்புத் தொகுப்பு தமிழில் பலருக்கு இந்த உலகத்தின் கதவைத் திறந்துவிட்டது. கையில் கிடைத்தால் அதையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள். வான் வைக்கின் கவிதைக்கு நல்ல தமிழாக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கே பகிருங்கள்.